பச்சை நுண்பாசியில் தைலகாய்டு லிப்பிடுகள் உருவாகும் இடம்: இரண்டாம் இடத்து 16 கார்பனைச் சான்றாகக் கொள்ளலாமா?

பதிவு 1: இலைநரம்பு

அனைவருக்கும் வணக்கம். இளநிலைத் தாவரவியல் மாணவர்களுக்கு ஒளிச்சேர்க்கைப் பாடம் நடத்துகிறேன். கிளாமிடோமோனாஸ் ரெயின்ஹார்ட்டி என்னும் பச்சை நுண்பாசியில், ஒளிச்சேர்க்கை நடக்கும் தைலகாய்டு சவ்வுக்கு வேண்டிய லிப்பிடுகள் அனைத்தும் பசுங்கணிகத்துக்கு உள்ளேயே உருவாகின்றன என்றும், உயர்தாவரங்களில் நடப்பதுபோல எண்டோபிளாச வலையிலிருந்து எதுவும் வந்து சேர்வதில்லை என்றும் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். லிப்பிடின் அடித்தளமான கிளிசராலில் உள்ள மூன்று இடங்களுள் இரண்டாவதில் 16 கார்பன் கொண்ட கொழுப்பு அமிலம் அமர்ந்திருப்பதையே அதற்குச் சான்றாகச் சொல்லி வந்தேன்.

சென்ற வாரம் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "வெளியிலிருந்து எதுவும் வருவதில்லை என்றால், லிப்பிடுகளை உள்ளே கொண்டுவரும் கடத்திப் புரதங்களின் மரபணுக்கள் அந்தப் பாசியின் மரபுத்தொகுதியில் எதற்காக இருக்கின்றன?" என்று கேட்டார். அவருக்குச் சரியான விடையை என்னால் அப்போது சொல்ல முடியவில்லை. நான் நடத்திய பாடமே தவறா, அல்லது பாதி உண்மையா என்பதை இங்குள்ள அறிஞர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதிவு 2: மூலக்கூறன்

மாணவி கேட்டது மிகச் சரியான கேள்வி. அதற்குள் போவதற்கு முன், எந்த லிப்பிடுகளைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இழையைப் பின்னால் படிப்பவர்களுக்கும் அது உதவும்.

தைலகாய்டு சவ்வில் நான்கு லிப்பிடுகளே பெரும்பங்கு வகிக்கின்றன. ஒரு கேலக்டோஸைத் தலையில் தாங்கிய லிப்பிடு ஏறத்தாழப் பாதியாகவும், இரு கேலக்டோஸைத் தாங்கியது கால் பங்கை ஒட்டியும் இருக்கின்றன. எஞ்சிய பகுதியைச் சல்போலிப்பிடும் பாஸ்பாட்டிடைல்கிளிசராலும் பகிர்ந்துகொள்கின்றன. ஆங்கிலச் சுருக்கங்களைத் தமிழில் எழுதினால் வெவ்வேறு பெயர்கள் ஒன்றுபோலவே ஒலிப்பதால், முதலிரண்டையும் "ஒற்றைக் கேலக்டோலிப்பிடு", "இரட்டைக் கேலக்டோலிப்பிடு" என்றே குறிப்பிடுகிறேன்.

இவற்றுள் ஒற்றைக் கேலக்டோலிப்பிடின் வடிவம் தனித்தன்மை வாய்ந்தது. அதன் தலை சிறியது. இரட்டைப் பிணைப்புகள் நிறைந்த வால்களோ அகன்று விரிந்தவை. ஆகவே தூய நிலையில் நீரில் இட்டால் அது தட்டையான ஈரடுக்காக அமையாமல், தலைகள் உள்நோக்கித் திரும்பிய அறுகோணக் குழாய்களாக அடுக்கிக்கொள்ளும். ஈரடுக்காக அமையவே விரும்பாத ஒரு லிப்பிடு, உலகின் மிகப் பரந்த சவ்வமைப்பில் பாதியை நிரப்பியிருக்கிறது என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்றுவரை குறையவில்லை. புரதங்கள் நெருக்கமாகச் செறிந்த சவ்வில்தான் அது ஒழுங்காக அடங்குகிறது. இரட்டைக் கேலக்டோலிப்பிடு அதற்குத் துணைநின்று ஈரடுக்கை நிலைநிறுத்துகிறது. அவ்விரண்டுக்கும் இடையிலான விகிதத்தைச் செல் கவனமாகப் பேணுவதற்கு இதுவே காரணம்.

இவை வெறும் நிரப்புப் பொருள்களும் அல்ல. 2011ஆம் ஆண்டு சயனோபாக்டீரியம் ஒன்றின் இரண்டாம் ஒளி அமைப்பு (ஒளியைக் கொண்டு நீரைப் பிளக்கும் புரதத் தொகுதி) 1.9 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் படிக அமைப்பாக வெளியிடப்பட்டபோது, ஒவ்வோர் ஒற்றையலகிலும் 20 லிப்பிடு மூலக்கூறுகள் தத்தம் இடங்களில் பொருந்தியிருப்பது தெரிந்தது. அவற்றில் ஒற்றைக் கேலக்டோலிப்பிடு 6, இரட்டை 5, சல்போலிப்பிடு 4, பாஸ்பாட்டிடைல்கிளிசரால் 5. இவற்றில் ஒன்று குறைந்தாலும் விளைவு தெரியும். கிளாமிடோமோனாஸிலேயே பாஸ்பாட்டிடைல்கிளிசராலை இயல்பாக உருவாக்க இயலாத திடீர்மாற்றிகள் (மரபணு மாற்றமடைந்த பாசிகள்) இரண்டாம் ஒளி அமைப்பை இழந்து, ஒளியை மட்டும் நம்பி வளர முடியாமல், ஊடகத்தில் அசிட்டேட் இருந்தால் மட்டுமே வாழ்கின்றன.

பதிவு 3: தளிர்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். மற்றச் சவ்வுகளில் பாஸ்பேட் தலையுள்ள லிப்பிடுகளே பெரும்பான்மையாக இருக்க, இங்கே மட்டும் சர்க்கரை ஏன்? முதுநிலை மாணவி நான். தேர்வுக்காகப் பலமுறை படித்திருந்தாலும் காரணம் மனத்தில் பதியவில்லை.

பதிவு 4: மூலக்கூறன்

தளிர், நீரில் பாஸ்பேட் பெரும்பாலும் அரிதாகவே கிடைக்கும். ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர் ஒன்று தன் மிகப்பெரிய சவ்வைப் பாஸ்பேட்டால் கட்டினால், நியூக்ளிக் அமிலங்களுக்கும் ஏடிபிக்கும் அதுவே போட்டியாகிவிடும். ஒளிச்சேர்க்கையே சர்க்கரையைத் தருகிறது என்பதால், தலைக்குச் சர்க்கரையை வைப்பது செலவு குறைந்த வழி. பாஸ்பேட் பற்றாக்குறை வந்தால் பாஸ்பாட்டிடைல்கிளிசரால் குறைந்து, அதேபோல் எதிர்மின்சுமை தாங்கிய சல்போலிப்பிடு கூடும். சவ்வின் மொத்த எதிர்மின்சுமை அதனால் பெரிதும் மாறுவதில்லை. கந்தகம் குறைந்தால் கிளாமிடோமோனாஸ் சல்போலிப்பிடைச் சிதைத்து, அந்தக் கந்தகத்தைப் புரத உருவாக்கத்துக்குத் திருப்பிவிடுகிறது. அந்த வகையில் சவ்வு ஒரு சேமிப்பறையுமாகும்.

பசுங்கணிகத்துக்கு வெளியிலும் கிளாமிடோமோனாஸ் இதே சிக்கனத்தைக் கடைப்பிடிக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். உயர்தாவரங்களின் எண்டோபிளாச வலையில் முதன்மையாக விளங்கும் பாஸ்பாட்டிடைல்கோலின் இந்தப் பாசியில் இல்லை. அதன் இடத்தில், பாஸ்பேட்டே இல்லாத பீட்டெய்ன் லிப்பிடு இருக்கிறது. அதை உருவாக்கும் நொதியின் மரபணு கிளாமிடோமோனாஸில் 2005இல் அடையாளம் காணப்பட்டது. இழையின் மையக் கேள்விக்கு இந்தச் செய்தி பின்னால் தேவைப்படும்.

பதிவு 5: பாசிக்குடுவை

பல ஆண்டுகள் ஆய்வகத்தில் இந்தப் பாசியை வளர்த்து லிப்பிடுகளைப் பிரித்தெடுத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். இலைநரம்பு ஐயா கற்பித்தது காரணமின்றி எழுந்த கருத்து அல்ல. அது எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்ப்போம்.

கொழுப்பு அமிலங்களின் தொகுப்பு பசுங்கணிகத்தின் ஸ்ட்ரோமா என்னும் உள்திரவத்தில்தான் நடக்கிறது. அதில் கருத்து வேறுபாடு இல்லை. அசிட்டைல் கோஏ மாலோனைல் கோஏவாக மாறி, அசைல் கடத்திப் புரதத்தில் ஏறி, ஒரு சுற்றுக்கு இரண்டு கார்பன் வீதம் நீண்டு, 16 அல்லது 18 கார்பனில் நிற்கிறது. 18 கார்பன் உள்ளதில் ஓர் இரட்டைப் பிணைப்பும் அங்கேயே சேர்கிறது. அதற்குப் பிறகு பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்றில், கொழுப்பு அமிலம் அசைல் கடத்திப் புரதத்திலிருந்து நேரடியாகக் கிளிசரால் பாஸ்பேட்டில் ஏற்றப்பட்டு, பசுங்கணிகத்திலேயே பாஸ்பாட்டிடிக் அமிலமாகிறது. மற்றொன்றில், அது விடுவிக்கப்பட்டு வெளியேறி, எண்டோபிளாச வலையில் லிப்பிடாகக் கட்டப்பட்டு, அதன் ஒரு பகுதி மீண்டும் பசுங்கணிகத்துக்குத் திரும்புகிறது. இந்த இரட்டைப் பாதைக் கருத்தை ரஃப்கனும் ஸ்லாக்கும் 1982இல் முழுமையான வடிவில் முன்வைத்தனர்.

உயர்தாவரங்களில் இவ்விரு பாதைகளையும் பிரித்தறிவது எளிது. இரண்டாம் இடத்தில் கொழுப்பு அமிலத்தை ஏற்றும் நொதி பசுங்கணிகத்தில் 16 கார்பனைத் தேர்ந்தெடுக்கிறது. எண்டோபிளாச வலையில் உள்ளதோ 18 கார்பனைத் தேர்ந்தெடுக்கிறது. எனவே ஒரு லிப்பிடின் இரண்டாம் இடத்தைப் பார்த்தாலே அது பிறந்த இடம் தெரிந்துவிடும். பட்டாணியின் ஒற்றைக் கேலக்டோலிப்பிடில் இரண்டாம் இடத்திலும் 18 கார்பனே இருப்பதால் அது வெளிப்பாதையில் வந்தது என்கிறோம். பசலைக்கீரையிலும் அரபிடாப்சிஸிலும் இரு வகையும் கலந்து காணப்படுகின்றன.

இனி கிளாமிடோமோனாஸுக்கு வருவோம். அதன் ஒற்றைக் கேலக்டோலிப்பிடில் முதல் இடத்தில் 18:3, இரண்டாம் இடத்தில் 16:4. அதாவது 16 கார்பனும் நான்கு இரட்டைப் பிணைப்புகளும் கொண்ட அமிலம். ஜிரூ, கெர்பர், ஐகன்பெர்கர் மூவரும் 1988இல் மூலக்கூறு வகைகளைத் தனித்தனியாகப் பிரித்து ஆய்ந்து, பசுங்கணிக லிப்பிடுகளும் வெளி லிப்பிடுகளும் வெவ்வேறு இடங்களில் உருவாகின்றன என்ற முடிவுக்கு வந்தனர். அப்போதைய சான்றுகளுக்கு அது பொருத்தமான முடிவே. உயர்தாவர விதியை அப்படியே பொருத்திப் பார்த்தால், "இந்தப் பாசியில் வெளிப்பாதை இல்லை" என்பதே விடையாக வரும். பாடங்களில் இடம்பெற்றதும் அதுதான்.

பதிவு 6: பாசிக்குடுவை

முந்தைய பதிவு நீண்டுவிட்டதால் இரண்டாகப் பிரித்தேன். மாணவியின் கேள்விக்கான நேரடி விடை இதுதான்.

கிளாமிடோமோனாஸ் மரபுத்தொகுதி 2007இல் வெளியானபோது, அரபிடாப்சிஸில் எண்டோபிளாச வலையிலிருந்து பசுங்கணிகத்துக்கு லிப்பிடு முன்னோடிகளைக் கொண்டுவரும் கடத்தித் தொகுதியின் இணை மரபணுக்கள் இந்தப் பாசியிலும் இருப்பது தெரிந்தது. அந்தத் தொகுதியின் இரண்டாம் புரதத்தை இழந்த திடீர்மாற்றி ஒன்று 2015இல் விரிவாக ஆராயப்பட்டது. அதன் உயிர்வாழும் திறன் குறைந்திருந்தது. ஒற்றைக் கேலக்டோலிப்பிடைக் கட்டும் நொதி வழக்கத்தை மீறிச் செயல்பட்டது. அப்படிக் கட்டப்பட்ட லிப்பிடின் ஒரு பகுதி மீண்டும் சிதைந்து முக்கிளிசரைடு என்னும் சேமிப்புக் கொழுப்பாகி, நல்ல ஊட்டமுள்ள நிலையிலேயே எண்ணெய்த் துளிகளாகத் தேங்கியது. குறியிட்ட முன்னோடிகளின் நகர்வைக் காலவாரியாகத் தொடர்ந்தபோது, இயல்பான பாசி எண்டோபிளாச வலையிலிருந்து லிப்பிடு முன்னோடிகளை உள்வாங்க வல்லது என்பதும், திடீர்மாற்றியில் அது தடைப்படுகிறது என்பதும் தெரியவந்தன. ஆக, அந்த மரபணுக்கள் வேலையின்றி எஞ்சி நிற்பவை அல்ல.

அப்படியானால் இரண்டாம் இடத்து 16 கார்பனை எப்படி விளக்குவது? இங்கேதான் நாம் எல்லோரும் ஒரே இடத்தில் தவறினோம் என்று கருதுகிறேன். 2018இல் இந்தப் பாசியின் எண்டோபிளாச வலையில் உள்ள, இரண்டாம் இடத்தில் கொழுப்பு அமிலத்தை ஏற்றும் நொதி ஆராயப்பட்டது. உயர்தாவரத்தின் அதே நொதி 18 கார்பனை நாடும்போது, இது 16 கார்பனை நாடியது. பசுங்கணிக நொதிக்கே உரியது என்று நாம் கருதிய விருப்பம் வெளியில் உள்ள நொதிக்கும் இருக்கிறது. இரண்டு இடங்களில் ஒரே முத்திரை குத்தப்படுமானால், முத்திரையைப் பார்த்துப் பிறப்பிடத்தைச் சொல்ல முடியாது.

முக்கிளிசரைடு பற்றிய விவாதத்திலும் இதே சிக்கல் இருந்தது. அதன் இரண்டாம் இடத்தில் 16 கார்பன் மிகுந்திருந்ததால், அது பசுங்கணிகத்திலேயே உருவாகிறது என்று 2011ஐ ஒட்டி வலுவாக வாதிக்கப்பட்டது. 2018இன் முடிவுக்குப் பிறகு அந்த வாதத்தின் ஒரு தூண் ஆட்டம் கண்டுவிட்டது.

பதிவு 7: மூலக்கூறன்

பாசிக்குடுவை அவர்களின் விளக்கத்தை ஏற்கிறேன். ஆயினும் எதிர்ப்பக்கச் சான்று ஒன்றை இங்கே வைக்காமல் விட்டால் நியாயமாகாது. 18:3 என்று எழுதும்போது இந்தப் பாசியில் இரண்டு வெவ்வேறு அமிலங்களைக் குறிக்கிறோம். ஒற்றைக் கேலக்டோலிப்பிடில் இருப்பது ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். அதன் இரட்டைப் பிணைப்புகள் 9, 12, 15ஆம் கார்பன்களில் தொடங்குகின்றன. வெளியில் உள்ள பீட்டெய்ன் லிப்பிடில் பெருமளவில் இருப்பதோ பினோலெனிக் அமிலம். அதில் அவை 5, 9, 12ஆம் கார்பன்களில் தொடங்குகின்றன. எண்டோபிளாச வலையில் முழுமை பெற்ற லிப்பிடுகளின் உடற்பகுதியே பெருமளவில் பசுங்கணிகத்துக்குள் வந்திருந்தால், கேலக்டோலிப்பிடில் பினோலெனிக் அமிலம் குறிப்பிடத்தக்க அளவில் தென்பட்டிருக்க வேண்டும். அப்படித் தென்படுவதில்லை. ஆகவே உள்ளே வருவது இருந்தாலும், பீட்டெய்ன் லிப்பிடிலிருந்து நேராக வருகிறது என்று கொள்வதற்கு இடமில்லை.

பதிவு 8: பாசிக்குடுவை

வலுவான சான்று, மறுக்கவில்லை. ஆனால் அது விலக்குவது எதை என்பதைக் கவனியுங்கள். ஐந்தாம் கார்பனில் இரட்டைப் பிணைப்பு சேர்ந்த பிறகு வருவதைத்தான் அது விலக்குகிறது. அதற்கு முந்தைய கட்டத்திலேயே, அதாவது பாஸ்பாட்டிடிக் அமிலமாகவோ இருகிளிசரைடாகவோ இருக்கும்போதே உள்ளே வந்துவிட்டால், பினோலெனிக் அமிலம் இல்லாததில் வியப்பில்லை. 2015 ஆய்வைச் செய்தவர்கள் திடீர்மாற்றியில் பசுங்கணிகத்தின் புறவுறையில் பாஸ்பாட்டிடிக் அமிலம் தேங்குவதாகக் கருதியதும் இந்தப் படத்தோடு பொருந்துகிறது.

எதிர்த்திசைப் போக்குவரத்துக்கும் சான்று உண்டு. 15ஆம் கார்பனில் இரட்டைப் பிணைப்பை ஏற்படுத்தும் நொதி கிளாமிடோமோனாஸில் ஒன்றே. அதன் இருப்பிடம் பசுங்கணிகம். அந்த நொதி குறைந்த திடீர்மாற்றியை 2013இல் ஆராய்ந்தபோது, பசுங்கணிக லிப்பிடுகளில் மட்டுமன்றி வெளியில் உள்ள லிப்பிடுகளிலும் அந்தப் பிணைப்பு குறைந்திருந்தது. உள்ளே இருக்கும் நொதியின் கைவேலை வெளியே தெரிகிறது என்றால், லிப்பிடுகளோ கொழுப்பு அமிலங்களோ உறையைக் கடந்து செல்கின்றன, அல்லது இரு சவ்வுகளும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் இடங்களில் நொதி மறுபுறத்து லிப்பிடையும் எட்டுகிறது.

பதிவு 9: தளிர்

பாஸ்பாட்டிடிக் அமிலம் புறவுறையில் தேங்கினால் ஒற்றைக் கேலக்டோலிப்பிடு ஏன் கூட வேண்டும்? அதைக் கட்டும் நொதி அகவுறையில் இருக்கிறது என்றுதான் படித்திருக்கிறேன்.

பதிவு 10: பாசிக்குடுவை

நீங்கள் படித்தது அரபிடாப்சிஸுக்குச் சரி. அங்கே யூடிபி கேலக்டோஸிலிருந்து முதல் சர்க்கரையைச் சேர்க்கும் முதன்மை நொதி அகவுறையிலும், இரண்டாவதைச் சேர்ப்பது புறவுறையிலும் இருக்கின்றன. கிளாமிடோமோனாஸில் முதல் நொதியே புறவுறையில் இருக்கிறது. பாஸ்பாட்டிடிக் அமிலம் இந்த நொதியைத் தூண்டவல்லது. ஆகவே அது அருகில் தேங்கினால் நொதி முடுக்கம் பெறும். கடத்தி பழுதானதும் கேலக்டோலிப்பிடு குறைவதற்கு மாறாக அதன் உற்பத்தி கூடியதற்கு ஆய்வாளர்கள் தந்த விளக்கம் இதுவே. உயர்தாவரத்தின் வரைபடத்தை அப்படியே எடுத்துப் பாசியின்மேல் ஒட்டக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

மூதாதையான சயனோபாக்டீரியத்தின் வரைபடமும் உதவாது. அது முதலில் குளுக்கோஸைச் சேர்த்து, பிறகு அதைக் கேலக்டோஸாக மாற்றுகிறது. பச்சைப் பாசிகளும் தாவரங்களும் தொடக்கத்திலேயே கேலக்டோஸைச் சேர்க்கின்றன. விளைபொருள் ஒன்றுதான், அதைச் சென்றடையும் வழி வேறு.

பதிவு 11: மூலக்கூறன்

இரட்டைப் பிணைப்புகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தலை சேர்வதோடு வேலை முடிவதில்லை. 16:0 படிப்படியாக 16:4 ஆக வேண்டும். கடைசிப் பிணைப்பை நான்காம் கார்பனில் சேர்க்கும் நொதி 2012இல் விவரிக்கப்பட்டது. அந்த நொதியைச் செல்லில் மிகுதியாக்கினால் 16:4 மட்டுமன்றி ஒற்றைக் கேலக்டோலிப்பிடின் மொத்த அளவும் கூடியது. வாலில் நடக்கும் மாற்றம் முழு லிப்பிடின் இருப்பையே நிர்ணயிக்கக்கூடும் என்பது அதிலிருந்து தெரிகிறது.

இந்த நொதிகளுக்கு வேண்டிய எலக்ட்ரான்களைத் தருவது ஃபெரடாக்சின் என்னும் புரதம். கிளாமிடோமோனாஸில் அதன் வகைகள் பல. அவற்றுள் ஐந்தாம் வகையை இழந்த பாசி ஒளியில் வளர்ந்தாலும் இருளில் வளர முடியாமல் போனது என்றும், அதன் கேலக்டோலிப்பிடு விகிதமும் தைலகாய்டு அமைப்பும் சீர்குலைந்தன என்றும் 2015இல் காட்டப்பட்டது. ஒளிச்சேர்க்கைக்கான சவ்வை இருளிலும் பராமரிக்க வேண்டியிருக்கிறது என்பதையும், அதற்கெனத் தனியாக ஓர் எலக்ட்ரான் வழி இருக்கிறது என்பதையும் மாணவர்களிடம் சொல்லுங்கள். பாடங்களில் இது அரிதாகவே இடம்பெறுகிறது.

பதிவு 12: இலைநரம்பு

இத்தனை பொறுமையாக விளக்கிய அனைவருக்கும் நன்றி. என் குறிப்பில் "வெளிப்பாதை இல்லை" என்ற வரியை நீக்கிவிட்டேன். அதற்குப் பதிலாக இப்படி எழுதியிருக்கிறேன்: "கிளாமிடோமோனாஸின் தைலகாய்டு லிப்பிடுகள் பெரும்பாலும் பசுங்கணிகத்தில் உருவாகும் வகையின் தோற்றத்தைக் கொண்டவை. ஆனால் அதன் எண்டோபிளாச வலையின் நொதியும் இரண்டாம் இடத்தில் 16 கார்பனை ஏற்ற வல்லது என்பதால், அந்தத் தோற்றத்தை மட்டும் கொண்டு பிறப்பிடத்தை முடிவுசெய்ய இயலாது. எண்டோபிளாச வலையிலிருந்து முன்னோடிகள் வருவதற்கு, அவற்றைக் குறியிட்டுத் தொடர்ந்த ஆய்வின் சான்று உண்டு." திருத்தம் வேண்டுமா?

மேலும், மாணவர்களைக் கொண்டு லிப்பிடுகளைப் பிரித்துக் காட்ட விரும்புகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதிவு 13: பாசிக்குடுவை

வரிகள் சரியாக இருக்கின்றன. "கிளாமிடோமோனாஸின்" என்று தொடங்கியிருப்பதை அப்படியே வைத்திருங்கள். "பச்சைப் பாசிகளின்" என்று விரித்துவிடாதீர்கள். குளோரெல்லா போன்ற பச்சைப் பாசிகளில் பாஸ்பாட்டிடைல்கோலின் இருக்கிறது. அங்கே வெளி லிப்பிடுகளின் கணக்கே வேறு.

செய்முறையைப் பொறுத்தவரை, பாசியை அறுவடை செய்த கணத்திலிருந்து காலம் உங்களுக்கு எதிராக ஓடுகிறது. செல்கள் சிதைந்ததும் அவற்றின் லைப்பேஸ்கள் கேலக்டோலிப்பிடுகளைச் சிதைக்கத் தொடங்கிவிடும். தொடக்க காலத்தில் ஒருமுறை, அறுவடை செய்த பாசியை மேசைமேல் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்த் திரும்பினேன். மெல்லடுக்குக் குரோமட்டோகிராபித் தட்டில் ஒற்றைக் கேலக்டோலிப்பிடின் பட்டை மெலிந்து, தனிக் கொழுப்பு அமிலங்களின் பட்டை தடித்திருந்தது. அதைப் பாசியின் இயல்பு என்று நினைத்துச் சில நாள்கள் குழம்பினேன். செல்களைத் திரட்டியதும் கொதிக்கும் ஐசோபுரப்பனாலில் இட்டு நொதிகளைச் செயலிழக்கச் செய்துவிட்டு, அதன் பிறகே குளோரோஃபார்ம், மெத்தனால் கலவையால் பிரித்தெடுங்கள். குளோரோஃபார்மைக் காற்றிழுக்கும் அறையில் நீங்களே கையாள்வது நல்லது.

பாசி எந்த நிலையில் இருந்தது என்பதையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். நைட்ரஜன் தீர்ந்துபோன குடுவையில் ஒற்றைக் கேலக்டோலிப்பிடு குறைந்து முக்கிளிசரைடு பெருகியிருக்கும். புதிதாகக் கட்டப்பட்ட கேலக்டோலிப்பிடிலிருந்து 18 கார்பன் அமிலத்தை விடுவித்து முக்கிளிசரைடுக்கு அனுப்பும் லைப்பேஸ் ஒன்று இந்தப் பாசியில் 2012இல் கண்டறியப்பட்டது. ஒரே பாசி, இரண்டு குடுவை, இரண்டு தட்டு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் மாணவர்கள் மறக்கமாட்டார்கள்.

பதிவு 14: தளிர்

இரண்டாம் இடத்தில் என்ன இருக்கிறது என்பதையும் மாணவர்கள் பார்க்க முடியுமா?

பதிவு 15: பாசிக்குடுவை

முடியும். பிரித்த கேலக்டோலிப்பிடை ரைசோபஸ் பூஞ்சையின் லைப்பேஸால் செரிக்கச் செய்தால், முதல் இடத்து அமிலம் மட்டும் வெட்டுண்டு விடுபடும். இரண்டாம் இடத்து அமிலம் சர்க்கரைத் தலையோடு தங்கிவிடும். இரண்டையும் தனித்தனியாக மெத்தில் எஸ்டராக்கி வளிமக் குரோமட்டோகிராபியில் செலுத்தினால் விடை வந்துவிடும். தட்டில் பீட்டெய்ன் லிப்பிடு இருக்கும் பகுதியையும் சுரண்டியெடுத்து, எஸ்டராக்கி, உடன் செலுத்துங்கள். மூலக்கூறன் அவர்கள் சொன்ன இரண்டு 18:3 அமிலங்களும் தகுந்த முனைவுத் தன்மையுள்ள பத்தியில் தனித்தனி உச்சிகளாக வெளிவரும். அட்டவணையில் அவ்விரண்டையும் "18:3" என்று ஒரே வரியில் கூட்டிவிடாமல், இரண்டு வரிகளாக எழுதச் சொல்லுங்கள்.